தூக்கத்தில் தடைப்படும் மூச்சும் நம் பற்களும்



பல்லைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றவுடன், "காலையும் இரவும் பல் துலக்குங்கள், மிட்டாயைக் குறையுங்கள்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்வதையே வாத்தியார் வானொலியிலும் சொல்லப் போகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். அதுவும் வரும். ஆனால் இன்றைய பேச்சு குறட்டையில் தொடங்குகிறது. குறட்டைக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. அதை அறிந்துகொண்டால் நம் குடும்பங்களில் சிலருடைய பல்லும் பிழைக்கும், சிலருடைய உயிரும் பிழைக்கும்.

லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். இந்த வீட்டில் ஒருவர் குறட்டை விட்டால் அந்த வீட்டில் தூக்கம் கெடும். மறுநாள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "மனுசன் உழைத்த களைப்பில் அசந்து தூங்குகிறான்" என்று பெருமையாகவும் சொல்வார்கள். குறட்டை என்றால் ஆழ்ந்த தூக்கம் என்பது நம் மக்களிடையே பரவியிருக்கும் எண்ணம். உண்மை பல சமயங்களில் அதற்கு நேர் மாறானது.

குறட்டை விடுகிற எல்லாருக்கும் நோய் இருப்பதில்லை. சளி பிடித்தால் குறட்டை வரும். மல்லாந்து படுத்தால் வரும். அதனால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சிலருடைய குறட்டையைக் கவனித்துப் பாருங்கள். சத்தம் ஏறிக்கொண்டே போகும். திடீரென்று நின்றுவிடும். நெஞ்சு மேலும் கீழும் அசையும். மூச்சுக் காற்று மட்டும் போவதில்லை. பத்து விநாடி, இருபது விநாடி, சில வேளை அதற்கும் மேல் அமைதி. பிறகு தண்ணீரில் மூழ்கி எழுந்தவரைப் போல ஒரு திணறல், ஒரு பெருமூச்சு. மறுபடியும் குறட்டை தொடங்கும். தூங்குகிறவருக்கு இதில் எதுவும் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். இதைத்தான் மருத்துவர்கள் 'ஸ்லீப் அப்னியா' என்கிறார்கள். தமிழில் தூக்கத்தில் மூச்சுத் தடை என்று சொல்லலாம்.

இது எப்படி ஏற்படுகிறது? ஒரு மெல்லிய ரப்பர் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக உறிஞ்சினால் காற்று வரும். பலமாக உறிஞ்சினால் குழாயின் இரு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காற்று வராது. நம் தொண்டையும் சதையால் ஆன ஒரு குழாய்தான். விழித்திருக்கும்போது அங்குள்ள தசைகள் அதை விறைப்பாகத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கும்போது அந்தத் தசைகள் தளர்கின்றன. நாக்கு பின்னால் சரிகிறது. வழி குறுகலாக இருப்பவர்களுக்கு அந்தக் குழாய் ஒட்டிக்கொள்கிறது. மூச்சு நின்றதும் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அபாயமணி அடித்து, ஆளை அரைகுறையாக எழுப்பி, மூச்சை விடவைக்கிறது. பிறகு தூக்கம், மறுபடியும் தடை.

பெரியவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் 5 முதல் 15 தடவை வரை இப்படி மூச்சு நிற்பதோ குறைவதோ ஏற்பட்டால் அது இலேசான நோய். 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் போனால் கடுமை. மணிக்கு 30 தடவை என்றால், ஆறு மணி நேரத் தூக்கத்தில் 180 தடவை. ஓர் இரவில் 180 தடவை உங்களை யாராவது தட்டி எழுப்பினால் மறுநாள் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் விடியுமுன் எழுந்து பிரட்டுக்குப் போக வேண்டும். மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டும். செம்பனைக் குலை வெட்ட நீண்ட கத்தியைத் தூக்க வேண்டும். லோரி ஓட்டுகிறவராக இருந்தால் பின்னால் எத்தனை பேர் உயிர்! "இவன் சோம்பேறி, உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறான்" என்று பேர் வாங்கியவர்களில் எத்தனை பேர் உண்மையில் நோயாளிகளோ!

இது புதிதாய் முளைத்த நோயல்ல. ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1836, 1837-ஆம் ஆண்டுகளில் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' என்ற கதையில், நின்றபடியே தூங்கிக் குறட்டை விடும் ஒரு பருத்த பையன் வருகிறான். 1956-இல் அமெரிக்க மருத்துவர்கள், உடல் பருமனும் மூச்சுக் குறைவும் பகல் தூக்கமும் சேர்ந்த ஒரு நோய்க்கு அந்தக் கதையின் பெயரையே வைத்தார்கள். 'ஸ்லீப் அப்னியா' என்ற நோய்ப் பெயர் 1976-இல் வழக்குக்கு வந்தது. ஆக, நோய் பழையது. அதைப் புரிந்துகொண்ட அறிவுதான் புதியது.

இனி பல்லுக்கு வருவோம்.

மூச்சுத் தடை உள்ளவர்களில் பலர் வாயைத் திறந்து தூங்குகிறார்கள். இரவெல்லாம் வாய் வழியாகக் காற்று போய் வருகிறது. காலையில் எழும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தொண்டை வறண்டு கிடக்கிறது, வாய் நாறுகிறது. "இராத்திரி தண்ணீர் குடிக்காமல் படுத்தது" என்று நினைத்துக்கொள்கிறோம். வாய் வறண்டால் பல்லுக்கு என்ன கேடு? அங்கேதான் எச்சிலின் பெருமையை அறிய வேண்டும்.

எச்சில் என்றால் நமக்கு ஓர் அருவருப்பு. ஆனால் நம் வாயில் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. அது வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. அதிலுள்ள சுண்ணச் சத்து பல்லின் மேற்பூச்சைப் பழுது பார்க்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாயில் உண்டாகும் அமிலத்தை அது முறிக்கிறது. தோட்டத்துக் கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் குப்பை தேங்காது. தண்ணீர் வற்றினால்? குப்பை தேங்கும், கொசு மொய்க்கும், நாற்றம் கிளம்பும். வாயும் அப்படித்தான்.

அமிலம் எங்கிருந்து வருகிறது? நாம் தின்னும் இனிப்பை வாயிலுள்ள கிருமிகளும் தின்கின்றன. தின்றுவிட்டு அமிலத்தை விடுகின்றன. ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றும் இடத்தில் சிமெண்டுத் தரை நாளாக நாளாக அரித்துப் போவதைப் பழைய தொழிலாளர்கள் பார்த்திருப்பார்கள். பல்லில் நடப்பதும் அதுவே. பகலில் இனிப்புக் குடித்தால் அரை மணி நேரம், முக்கால் மணி நேரத்தில் எச்சில் அந்த அமிலத்தை அடக்கிவிடும். இரவில் எல்லாருக்குமே எச்சில் குறைவாகத்தான் சுரக்கும். அதுவும் வாய் திறந்து காய்ந்து கிடந்தால், படுக்குமுன் குடித்த கெட்டிப்பால் தேநீரின் இனிப்பு விடியும்வரை பல்லில் வேலை செய்யும்.

இதில் இன்னொரு சங்கிலியும் இருக்கிறது. இரவில் தூக்கம் கெட்டவருக்குப் பகலில் கண் சொக்கும். கண்ணைத் திறந்து வைக்க என்ன செய்கிறார்? சீனி தூக்கலாய்க் காப்பி குடிக்கிறார். டின்னில் அடைத்த இனிப்புப் பானம் குடிக்கிறார். வாயில் மிட்டாய் போட்டுக்கொள்கிறார். நடு இரவில் நா வறண்டு எழுந்தால், தலைமாட்டில் உள்ள மைலோவையோ சர்பத்தையோ ஒரு மிடறு குடித்துவிட்டுப் படுக்கிறார். இரவு பகல் இரண்டு பக்கமும் பல்லுக்கு அடி விழுகிறது. இவர் பல் மருத்துவரிடம் போனால் சொத்தையை அடைத்து அனுப்புவார்கள். ஆறு மாதத்தில் அடுத்த பல் சொத்தையாகும். வேர் இருக்கும்வரை இலையைக் கிள்ளி என்ன பயன்?

ஈறுக்கும் இதே கதைதான். வறண்ட வாயில் முன்பற்களின் மேல் ஈறு சிவந்து வீங்கும். துலக்கும்போது இரத்தம் வரும். மூச்சுத் தடை உள்ளவர்களிடம் ஈறு நோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்று ஆராய்ச்சிகள் கூறுகின்றன. ஒன்று மற்றொன்றுக்கு நேரடிக் காரணமா என்பதில் மருத்துவர்கள் இன்னும் முடிவு கட்டவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருகின்றன என்பது நமக்குப் போதிய எச்சரிக்கை.

அடுத்து, பல்லை நறநறவென்று கடித்தல். "வயிற்றில் பூச்சி இருந்தால்தான் தூக்கத்தில் பல்லைக் கடிப்பார்கள்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். உடனே பூச்சி மருந்து கொடுப்பார்கள். பூச்சி மருந்தைச் சுகாதார ஊழியர் சொல்லும் காலத்தில் கொடுப்பது நல்லதுதான். ஆனால் பல் கடிப்பதற்குப் பூச்சிதான் காரணம் என்று வைத்துக்கொண்டால் உண்மைக் காரணம் தப்பிவிடும். மனக் கவலையாலும் கடிப்பார்கள். தூக்கம் அடிக்கடி கலைவதாலும் கடிப்பார்கள். மூச்சுத் தடை உள்ளவர்கள் சிலரிடம் இது சேர்ந்தே காணப்படுகிறது. இப்படிக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பற்களின் மேடு தேய்ந்து தட்டையாகும். அடைத்த இடம் உடையும். தாடை மூட்டும் கன்னத்துச் சதையும் காலையில் வலிக்கும்.

மூச்சு அடைபடும்போது நெஞ்சுக்குள் உண்டாகும் இழுப்பினால் சிலருக்கு வயிற்றுப் புளிப்பு மேலே எழும்பித் தொண்டைக்கு வரும். அந்தப் புளிப்பு பற்களின் உட்பக்கத்தை அரிக்கும். பல் மருத்துவர் ஒரு சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தால் இதெல்லாம் அவருக்குத் தெரியும்: தேய்ந்த பல், அரித்த பல், வறண்ட வாய், ஓரங்களில் பல் அழுந்திய தழும்புள்ள நாக்கு, குறுகலான தொண்டை. இரவில் நடப்பதை வாய் பகலில் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் நீங்களும் வாய் திறந்து சொல்ல வேண்டும். "டாக்டர், நான் பலமாகக் குறட்டை விடுகிறேனாம். நடுவில் மூச்சு நிற்கிறதாம். பகலில் தூக்கம் வருகிறது." இந்த மூன்று வாக்கியங்களைச் சொன்னால் போதும். மற்றதை அவர் கேட்டுக்கொள்வார்.

இனி நான் சொல்லப் போவதைத் தாய்மார்கள் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். இது பிள்ளைகளைப் பற்றியது.

வகுப்பறையில் பாடம் நடக்கும்போது எப்போதும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. கண்ணுக்குக் கீழே கருவளையம். முதல் பாடத்திலேயே தலை சாயும். சில பிள்ளைகள் தூங்குவதற்குப் பதிலாக ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று இருப்பார்கள். ஒரு வரியைக் கவனிக்க மாட்டார்கள். தூக்கம் போதாத பெரியவர் சோர்ந்து போவார்; தூக்கம் போதாத பிள்ளை பல வேளைகளில் அடங்காப்பிடாரியாகும். அந்தப் பிள்ளை இரவில் குறட்டை விடுகிறதா, வியர்த்துக் கொட்டுகிறதா, கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு தூங்குகிறதா, பெரிய வகுப்புக்கு வந்த பிறகும் படுக்கையை நனைக்கிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் மூச்சுத் தடையின் அடையாளங்களாக இருக்கலாம். பெரியவர்களுக்கு மணிக்கு 5 தடவைதான் தொடக்கம் என்றேன். பிள்ளைகளுக்கு மணிக்கு ஒரு தடவைக்கு மேல் போனாலே மருத்துவர்கள் கவனிக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு இதன் முக்கிய காரணம் தொண்டையின் இரு பக்கமும் உள்ள டான்சில் சதையும், மூக்கின் பின்புறம் உள்ள சதையும் வீங்கி வழியை அடைப்பதுதான். மூக்கு அடைபட்டால் பிள்ளை வாயால் மூச்சு விடப் பழகுகிறது. அப்படிப் பழகினால் முகத்தின் வளர்ச்சியே மாறலாம். வாயை மூடி இருக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் பதிந்திருக்கும். அந்த அழுத்தம் மேல் தாடை அகலமாய் வளர உதவுகிறது. வாய் எப்போதும் திறந்திருந்தால் நாக்கு கீழே கிடக்கும். மேல் தாடை குறுகி, அண்ணம் கூரைபோல உயர்ந்து, முகம் நீளும். குறுகிய தாடையில் பற்களுக்கு இடம் ஏது? ஒன்றன்மேல் ஒன்று ஏறி முளைக்கும், முன்பல் துருத்தும். "எங்கள் வம்சத்துப் பல்" என்று விட்டுவிடுகிறோம். வம்சமும் ஒரு காரணம்தான். ஆனால் வாயால் மூச்சு விடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதை வளரும் வயதிலேயே கண்டுகொண்டால் சரிசெய்ய வழி உண்டு.

பள்ளிகளுக்கு அரசாங்கப் பல் மருத்துவக் குழு வருவதை நீங்கள் அறிவீர்கள். அன்றைக்குப் பிள்ளையைப் பயந்துகொண்டு வீட்டில் நிறுத்தாதீர்கள். "பிள்ளை குறட்டை விடுகிறது, வாயால் மூச்சு விடுகிறது" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று சொல்லுவேன். வகுப்பில் தூங்குகிற பிள்ளையைப் பெஞ்சின் மேல் ஏற்றுவதற்கு முன், இரவில் எப்படித் தூங்குகிறது என்று அதன் தாயைக் கேளுங்கள். தண்டனையால் தொண்டைச் சதை கரையாது.

சரி, இதற்கு மருத்துவம் என்ன?

முதலில் நோயை உறுதி செய்ய வேண்டும். அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். தோட்டத்தில் மருத்துவ உதவியாளர் இருந்தால் அவரிடம் முதலில் சொல்லுங்கள். அங்கிருந்து மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கோ நெஞ்சு நோய்ப் பிரிவுக்கோ கடிதம் கொடுப்பார்கள். உங்களை அனுப்பும்போது, பக்கத்தில் படுப்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இந்த நோயில் சாட்சி அவர்தான். கைத்தொலைபேசி இருந்தால் குறட்டையையும் மூச்சு நிற்பதையும் பதிவு செய்து எடுத்துப் போங்கள். பிறகு தூக்கப் பரிசோதனை நடக்கும். மருத்துவமனையில் ஓர் இரவு தங்கவைத்தோ, சிறு கருவியைக் கொடுத்து வீட்டிலேயே மாட்டிக்கொள்ளச் சொல்லியோ, மூச்சையும் பிராணவாயுவின் அளவையும் கணக்கெடுப்பார்கள். வலி கிடையாது. ஊசி கிடையாது.

நடுத்தரமான நோய்க்கும் கடுமையான நோய்க்கும் முதல் மருத்துவம் ஒரு காற்றுக் கருவி. 'சீபாப்' என்பார்கள். படுக்கையருகே வைத்த சிறு பெட்டி, ஒரு குழாய் வழியாக மூக்கு மூடிக்குள் மெல்லிய அழுத்தத்தில் காற்றை அனுப்பும். அந்தக் காற்று தொண்டைக் குழாயை ஒட்டிக்கொள்ளாமல் விரித்து வைத்திருக்கும். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் இதைக் குறித்து உலகுக்கு அறிவித்தார். வீடு கூட்டும் மின்சார உறிஞ்சியின் மோட்டாரை வைத்துத்தான் தொடக்கக் கருவிகளைச் செய்தார்கள் என்பது கேட்கச் சுவையான செய்தி. இன்றைய கருவிகள் சிறியவை, சத்தம் குறைந்தவை. ஆனால் விலை சில ஆயிரம் வெள்ளி ஆகலாம். அரசாங்கப் பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகநலப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வசதி இல்லாதவர்கள் கூச்சப்படாமல் அங்கே உதவி கேட்கலாம். இந்தக் கருவியை மாட்டிக்கொண்டு வாய் திறந்து தூங்கினால், காற்று வாய் வழியே வெளியேறி வாய் மேலும் வறளும். அப்போது "கருவி ஒத்துக்கொள்ளவில்லை" என்று மூலையில் போட்டுவிடக் கூடாது. காற்றை ஈரப்படுத்தும் வசதியும், வேறு வகை மூடியும் உண்டு. திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்.

இலேசான, நடுத்தரமான நோய் உள்ளவர்களுக்கும், காற்றுக் கருவியைத் தாங்க முடியாதவர்களுக்கும் இன்னொரு வழி உண்டு. அது பல் மருத்துவரின் கையில் இருக்கிறது. மேல் பற்களுக்கும் கீழ்ப் பற்களுக்கும் அச்செடுத்து, இரவில் மாட்டிக்கொள்ளும் ஒரு கவசம் செய்வார்கள். அது கீழ்த் தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் இழுத்து வைத்திருக்கும். தாடை முன்னால் வந்தால் அதோடு சேர்ந்த நாக்கும் முன்னால் வரும். தொண்டையில் வழி பிறக்கும். மயங்கி விழுந்தவரின் தாடையை முன்னால் தூக்கி மூச்சுக்கு வழி செய்ய முதலுதவி வகுப்பில் கற்றுக்கொடுப்பார்களே, அதே தத்துவம். கவசம் போட்ட பிறகும் தூக்கப் பரிசோதனையை மறுபடி செய்து, மூச்சு சரியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். குறட்டைச் சத்தம் குறைந்தது மட்டும் போதாது.

இந்த இடத்தில்தான் இன்றைய பேச்சின் உயிர்நாடி இருக்கிறது. தாடையை இழுத்துப் பிடிக்கும் அந்தக் கவசம் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? உங்கள் பற்களைத்தான். மேலும் கீழும் போதுமான பற்கள், ஆடாத பற்கள், நல்ல ஈறு இருந்தால்தான் அதைப் பொருத்த முடியும். சொத்தை இருந்தால் முதலில் அடைக்க வேண்டும். ஈறு நோய் இருந்தால் முதலில் குணப்படுத்த வேண்டும். நம் மக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பல் வலித்தால் கிராம்புத் தைலம் வைத்து நாளைக் கடத்துவார்கள். தாங்க முடியாமல் போனால், "பிடுங்கிவிடுங்கள், சனியன் ஒழியட்டும்" என்பார்கள். ஐம்பது வயதுக்குள் பொக்கை வாயாகி விடுகிறார்கள். பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. மூச்சுத் தடை உள்ளவருக்குப் பல் போனால் ஒரு மருத்துவமும் போச்சு. அதுமட்டுமல்ல, பற்கள் எல்லாம் போனால் தாடைகள் நெருங்கி, வாய்க்குள் நாக்குக்கு இடம் குறைந்து, மூச்சுத் தடை கூடவும் செய்யலாம். ஆகவே பிடுங்கச் சொல்வதற்கு முன், "இந்தப் பல்லைக் காப்பாற்ற வழி உண்டா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கவசத்தாலும் சில தொல்லைகள் உண்டு. முதல் சில வாரங்கள் எச்சில் ஒழுகும். காலையில் தாடை வலிக்கும். ஆண்டுக்கணக்கில் போட்டால் பற்களின் கடி சற்று மாறலாம். ஆதலால் பல் மருத்துவர் சொல்லும் தவணையில் போய்க் காட்ட வேண்டும். தினமும் காலையில் கவசத்தைச் சவர்க்காரமும் ஆறிய தண்ணீரும் கொண்டு மெல்லிய பிரஷால் கழுவி, உலர்த்திப் பெட்டியில் வையுங்கள். கொதிநீரில் போட்டால் வளைந்துவிடும். கடையிலும் கைத்தொலைபேசியிலும் குறட்டைக்கு மருந்து என்று விற்கும் கவசங்களைப் பரிசோதனை இல்லாமல் வாங்கி மாட்டாதீர்கள். அதேபோல், இரவில் வாய்க்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு படுக்கும் புதுப் பழக்கம் ஒன்று பரவி வருகிறது. மூக்கு அடைபட்டவர் வாயையும் ஒட்டிக்கொண்டால் மூச்சுக்கு எங்கே போவார்? அதுவும் பிள்ளைகளுக்குச் செய்யவே கூடாது.

பிள்ளைகளுக்கு, வீங்கிய டான்சிலையும் மூக்கின் பின்புறச் சதையையும் அறுவை செய்து எடுப்பதே பெரும்பாலும் முதல் மருத்துவம். பலருக்கு அதிலேயே குணம் தெரியும். மேல் தாடை குறுகலாய் உள்ள பிள்ளைகளுக்கு, அதைச் சிறுகச் சிறுக விரிக்கும் கருவியைப் பற்சீரமைப்பு மருத்துவர் பொருத்துவதும் உண்டு.

மருத்துவம் ஒரு பக்கம் இருக்கட்டும். காசு செலவில்லாமல் வீட்டில் செய்யக் கூடியவற்றைச் சொல்கிறேன்.

ஒருக்களித்துப் படுங்கள். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் விழும். தூக்கத்தில் புரண்டுவிடுகிறவர்கள், பழைய பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து அதில் ஒரு பந்தை வைத்துக்கொள்ளலாம். மல்லாந்தால் பந்து குத்தும், தானே திரும்புவார்.

படுக்குமுன் மது வேண்டாம். கள்ளோ சம்சுவோ பீரோ, எதுவானாலும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்திவிடும். "கொஞ்சம் போட்டால்தான் தூக்கம் வருகிறது" என்பார்கள். வருவது தூக்கமல்ல, மயக்கம். தூக்க மாத்திரையையும் மருத்துவரைக் கேளாமல் விழுங்கக் கூடாது. புகை பிடிப்பது தொண்டையை வீங்கவைக்கும். வெற்றிலையோடு புகையிலை போடுவது ஈறைக் கெடுப்பதோடு வாய்ப் புற்றுநோய்க்கும் வழி செய்யும்.

உடல் பருமன் உள்ளவர்கள் எடையைக் குறைத்தால் நோயும் குறையும். ஆனால் ஒல்லியானவர்களுக்கு இது வராது என்று எண்ண வேண்டாம். ஆசிய மக்களில் தாடை அமைப்பின் காரணமாக, மெலிந்த உடம்புள்ளவர்களுக்கும் இந்த நோய் வருவதுண்டு.

இரவில் கடைசியாகச் செய்யும் வேலை பல் துலக்குவதாக இருக்கட்டும். புளோரைடு கலந்த பற்பசையால் இரண்டு நிமிடம் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்காமல் படுங்கள். பசையின் சத்து இரவெல்லாம் பல்லில் தங்கி வேலை செய்யும். கரித்தூளும் செங்கல் தூளும் வேண்டாம். ஏற்கெனவே தேயும் பல்லை அவை இன்னும் தேய்க்கும். துலக்கிய பிறகு தாகம் எடுத்தால் வெறும் தண்ணீர் மட்டுமே. பொய்ப்பல் வைத்திருப்பவர்கள் இரவில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து தண்ணீரில் போட்டு வைப்பது பொது வழக்கம். மூச்சுத் தடையும் உள்ளவர்கள் தங்களுக்கு எது நல்லது என்று பல் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண் குறட்டை விட்டால் சிரிக்கிறோம். பெண் குறட்டை விட்டால் வெட்கம் என்று மறைக்கிறோம். மாதவிலக்கு நின்ற வயதுக்குப் பிறகு பெண்களுக்கும் இந்த நோய் அதிகம் வருகிறது. அவர்களிடம் அது பல வேளைகளில் காலைத் தலைவலியாகவும், ஓயாத களைப்பாகவும், தூக்கம் பிடிக்காமையாகவும் தெரியும். எல்லாருக்கும் முன் எழுந்து அடுப்பு மூட்டுகிறவர் அவர். "வயதாகிவிட்டது, அதனால் அசதி" என்று தள்ளிவிடாதீர்கள். கவனிக்காமல் விட்ட மூச்சுத் தடை, இரத்த அழுத்தத்தை ஏற்றும். மாரடைப்பும் பக்கவாதமும் வரும் அபாயத்தைக் கூட்டும்.

நேயர்களே, இன்றிரவு ஒரு சிறு வேலை செய்யுங்கள். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு ஐந்து நிமிடம் விழித்திருந்து காது கொடுங்கள். யார் வாய் திறந்திருக்கிறது, யார் குறட்டை நடுவில் நிற்கிறது என்று பாருங்கள். அப்படி ஒருவர் இருந்தால், காலையில் பசியாறும்போது கேலி செய்யாமல் பக்குவமாகச் சொல்லுங்கள். பல்லைக் காட்டப் போகும்போது மூச்சைப் பற்றியும் சொல்லச் சொல்லுங்கள். மூச்சுக்கு மருத்துவம் பார்க்கப் போகும்போது பல்லையும் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன.